உள்ளே வரும்போது அடித்த மணி

ஒரு பெண் நடந்து வந்தால் வாசலில் மணி அடிக்கிறது. அவளைத் தவிர வேறு யாருக்கும் அடிப்பதில்லை. கோளாறு யாரிடம்: மணியிடமா, அவளிடமா? அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். பட்டம் பெற்றவர்கள் நிறைந்த ஓர் ஆய்வுக்கூடமே இந்தக் கேள்விக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தவறான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவளை எல்லோரும் நுரை என்றே அழைத்தார்கள். ஆய்வுக்கூடத்தின் அடித்தளத்தில் சலவை அறை. முழங்கை வரை சோப்பு நுரையோடு நிற்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? இதற்கு முன்பு ஒரு மருத்துவமனையில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். லாரி ஓட்டிய புருஷன் ஒருநாள் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவன், லாரியை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு எங்கேயோ தங்கிவிட்டான். "லாரியாவது திரும்பி வந்துச்சே, அதுக்கு அவனைவிட யோக்கியதை" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். மிச்சம் இருந்தது ஒரு பெண் குழந்தை. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தது. குட்டி என்று கூப்பிடுவாள்.

சலவை அறையில் இரண்டு பெரிய துவைக்கும் இயந்திரங்கள். அவற்றின் வட்டக் கண்ணாடிக்குள் வெள்ளைக் கோட்டுகள் கைகளை விரித்து விரித்துச் சுழலும். துவைத்தவற்றை உத்தரத்துக் கம்பியில் வரிசையாக மாட்டுவாள். ஈரம் சொட்டச் சொட்டத் தலையில்லாத ஆட்கள் கூட்டமாக நிற்பதுபோல் இருக்கும். மேலே இயந்திரக் கூடம். அது ஓடும்போது சத்தம் பெரிதாகக் கேட்காது; தரை வழியாக ஓர் உறுமல் மட்டும் உள்ளங்காலில் ஏறும். வாளித் தண்ணீரில் மெல்லிய வளையங்கள் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கும்.

அந்த வேலையில் அவளுக்கு இரண்டு சுகங்கள். ஒன்று, சாயங்காலம் வெந்நீரில் குளித்து, தன் உடுப்பையும் அங்கேயே ஒரு சுற்றுத் துவைத்து உலர்த்தி உடுத்திக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இன்னொன்று, கிழிந்து கழித்த கோட்டுகள். எழுத்து வேலை செய்பவர்களும் அதிகாரிகளும் போடும் கோட்டுகள் ஒரு கூடையில் வரும். கூடத்துக்குள் போகிறவர்களின் கோட்டுகள் வேறு; அவை சோதனைக்காக மூடிபோட்ட சிவப்புப் பீப்பாயில் போகும், அவள் கைக்கு வராது. கூடைக் கோட்டுகளில் நைந்தவற்றைச் சலவைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது அங்கே பல வருடப் பழக்கம். நல்ல பருத்தித் துணி. வெட்டித் தைத்தால் திரைச்சீலை, பை, தலையணை உறை.

வாசலில் ஆளுயரத்துக்கு இரண்டு சாம்பல் நிறத் தூண்கள் உண்டு. அவற்றின் நடுவில்தான் எல்லோரும் போய்வர வேண்டும். உடம்பிலோ உடையிலோ கதிரியக்கத் தூசு ஒட்டியிருந்தால் மணி அடிக்கும், குறுக்குக் கம்பி பூட்டிக்கொள்ளும். வெளியே போகிறவர்களைப் பிடிப்பதற்காக வைத்தது அது. உள்ளே வருகிறவர்களுக்கு அடிக்கக் காரணமே இல்லை. வீட்டிலிருந்து யார் கதிரியக்கத்தைச் சுமந்து வருவார்கள்?

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு காலை, நுரை உள்ளே வந்தபோது மணி அடித்தது.

வாசல் காவல்காரனுக்குக் கொட்டாவி என்று பட்டப்பெயர். எப்போதும் வாய் பாதி திறந்தே இருக்கும். அன்று முழுதாகத் திறந்தது. "என்னக்கா, உள்ள வரும்போதே அடிக்குது?"

"எங்கிட்ட கேட்டா? உன் மணிகிட்ட கேளு."

திரும்பிப் போய் மறுபடி வந்தாள். மறுபடி அடித்தது. பின்னால் நின்ற நாலைந்து பேருக்கு அடிக்கவில்லை. சாயங்காலம் குளித்துவிட்டு வெளியே போனபோது, தூண்கள் வாயை மூடிக்கொண்டு நின்றன. மறுநாள் காலை திரும்பவும் மணி. மாலையில் சுத்தம், காலையில் மணி. இப்படியே போனது.

"ராத்திரி ஏதோ வந்து உன் மேல உக்காருது அக்கா," என்றான் கொட்டாவி. விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லும்போது ஓரடி பின்னால் நகர்ந்தான்.

பூட்டிய கம்பியை ஒவ்வொரு காலையும் சாவி போட்டுத் திறப்பது அவனுக்குத் தொல்லை. சரக்கு வண்டிகள் வரும் பக்கவாட்டுக் கதவில் தூண்கள் இல்லை. "அந்த வழியா வந்துடுங்க அக்கா, ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றான். அவளும் தலையாட்டினாள். ஏழை மனுஷிக்கு ஒரு வாசல் மூடினால், எந்த வாசலைத் திறக்கிறார்களோ அந்த வழியில் போவதுதான் பழக்கம்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? உணவுக்கூடத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் இடம் காலியானது. அவள் இஸ்திரி போட்ட கோட்டைக் கையால் தொடாமல், குச்சியால் எடுத்துப் போனான் ஒரு பொடியன், மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் முகத்தில் விழித்த நாளில் மேலே கூடத்துக் கருவியில் ஒன்றும் சிக்குவதில்லை என்று ஒரு பேச்சு. நொடியைக் கோடியாகக் கூறுபோட்டு அளக்கிறவர்கள் இவர்கள்! சாம்பல் தூணுக்குள் இருக்கும் கருவி பொய் சொல்லாது என்று தேர்வில் எழுதித் தேறியவர்கள். அந்தக் கருவி ஒரு சலவைக்காரியைச் சுட்டிக்காட்டியதும், அவள் ராசியில் பழியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். மூடநம்பிக்கைக்குப் படிப்பறியாதவன் வீடுதான் சொந்த வீடு என்று யார் சொன்னது?

தூண்களைப் பழுது பார்க்க ஒயர் அண்ணன் வந்தார். கூடத்தின் அளவுக்கருவிகளைப் பராமரிப்பவர். கழுத்தில் எப்போதும் மாலைபோல் ஒயர் சுருள் தொங்கும். பழுது ஒன்றும் இல்லை. காபி குடிக்கச் சலவை அறைக்கு இறங்கினார். நுரையோடு அங்கே உட்கார்ந்து பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.

"மேல என்ன செய்யறாங்கன்னாவது உனக்குத் தெரியுமா?" என்றார்.

"கோட்டை அழுக்காக்கறாங்க. வேற என்ன?"

"நூத்திப்பதினெட்டு செய்யறாங்க. பூமியில எங்க தோண்டினாலும் கிடைக்காத தனிமம். புத்தகத்துல அதுக்கு ஓகனெசோன்னு பேரு. கால்சியம் தெரியும்ல, எலும்புல இருக்குமே? அதோட அணுக்களைப் பயங்கர வேகத்துல விரட்டி, சுத்தற சக்கரத்துல பூசி வச்சிருக்கற கலிபோர்னியத்து மேல மோத விடறாங்க. அதுல இருபது புரோட்டான், இதுல தொண்ணூத்தெட்டு. கூட்டிக்கோ."

"நூத்திப்பதினெட்டு. சரி, ஒட்டிக்குமா?"

"கோடி கோடி மோதலுக்கும் ஒட்டாது. மாசக்கணக்கா ஓட்டினா ஏதோ ஒண்ணு ஒட்டும். உலகம் பூரா இதுவரைக்கும் செஞ்சதை விரல் விட்டு எண்ணிடலாம்."

"ஒட்டினதை எங்க வச்சிருக்காங்க?"

"வைக்கவா? நீ கண்ணைச் சிமிட்டற நேரம் இருக்குல்ல, அதுல நூத்துல ஒரு பங்குகூட அது உசுரோட இருக்காது."

அவள் கோட்டு மடிப்பதை நிறுத்தினாள். "அப்புறம் இருந்துச்சுன்னு எப்படிண்ணே சொல்றீங்க?"

"சாகும்போது படி இறங்கும். நூத்திப்பதினெட்டுல இருந்து நூத்திப்பதினாறு, அங்க இருந்து நூத்திப்பதினாலு. கடைசில ரெண்டா பிளந்துடும். அந்தக் காலடியைத்தான் கருவி கேக்குது. அதைப் பாத்தவங்க யாரும் இல்ல. என்ன நிறம்னு தெரியாது, தொட்டா எப்படி இருக்கும்னு தெரியாது. அதோட குடும்பமே வாயு. ஹீலியம், நியான் மாதிரி யாரோடயும் சேராத குடும்பம். இது மட்டும் கட்டியா இருக்கும், மத்ததோட சேரும்னு கணக்குச் சொல்லுது. கணக்கு மட்டும்தான். கையில வச்சுப் பாக்க அது நிக்கணுமே!"

"குடும்பத்துக்கு ஒரு பிள்ளை அப்படிப் பொறக்கறதுதானே," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அன்று மாலை வீட்டுப் படிகளில் ஏறும்போது, தனக்குப் பின்னால் யாரோ இரண்டிரண்டு படியாக இறங்குவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். விளக்கு எரியாத படிக்கட்டு, சுவரில் ஈரம், கீழே யாரும் இல்லை. யாராலும் பார்க்கப்படாத ஒன்று தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று அவளும் பாதி நம்ப ஆரம்பித்திருந்தாள். கூடமே சொல்லும்போது அவள் எப்படி நம்பாமல் இருப்பாள்? வீட்டுக் கதவைத் திறந்தால், குட்டி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "டிங்!" என்றது. மணிக் கதையை அம்மா வாயிலிருந்தே கேட்ட குழந்தை. அம்மா உள்ளே வரும்போதெல்லாம் அதுதான் இப்போது விளையாட்டு.

"வாயை மூடு கழுதை," என்று அதட்டினாள்.

பிறகு ஒருநாள் அடைமழை, பள்ளிக்கூடம் கிடையாது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் குட்டியையும் கூட்டிவந்தாள். பக்கவாட்டுக் கதவில் சரக்கு வண்டி ஒன்று குறுக்கே நின்றது. "பெரிய வாசலுக்கே வாங்க, திறந்து விடறேன்," என்றான் கொட்டாவி. அவள் குடையை மடக்கிக்கொண்டு தெருவிலேயே நிற்க, குட்டி முன்னால் ஓடித் தூண்களுக்கு நடுவில் நின்றது.

மணி அடித்தது.

நுரை இன்னும் தெருவில், மழையில் இருந்தாள். குழந்தை தனியாக, தலையைத் தூக்கிச் சிவப்பு விளக்கைப் பார்த்து, "டிங்" என்றது.

"அம்மாவைப் பிடிச்சது பிள்ளையையும் பிடிச்சிருச்சு," என்று முணுமுணுத்தான் கொட்டாவி. "அந்த நூத்திப்பதினெட்டுதான் அக்கா. வீட்டு வரைக்கும் வந்திருக்கு."

தன்னைச் சொன்னபோதெல்லாம் பொறுத்துக்கொண்டவள், குழந்தையைச் சொன்னதும் நிமிர்ந்தாள். பயத்துக்கு உள்ளே எங்கோ ஒரு கோபம் கிடந்து, அது முதல் தடவையாக யோசித்தது.

"கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள செத்துப்போறது என் வீட்டுக்கு எப்படிடா நடந்து வரும்? பஸ்ஸுக்குக்கூட நிக்க அதுக்கு நேரம் கிடையாது. வேற ஏதோ வந்திருக்கு. சாகாத ஏதோ ஒண்ணு."

அன்று மதியமே ஒயர் அண்ணனைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

மூன்றாவது மாடி. ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர், பகலிலும் மங்கல். ஒயர் அண்ணன் சாப்பாட்டு டப்பா அளவிலான கருவியை முடுக்கினார். டிக். சற்றுப் பொறுத்து இன்னொரு டிக். "பயப்படாத, இது எல்லா இடத்துலயும் இருக்கும். மண்ணு, கல்லு, சுவரு எல்லாத்துலயும் கொஞ்சம் உண்டு." அடுப்புப் பக்கம் போனார். டிக், டிக். அலமாரி. அதே. பள்ளிக்கூடப் பைக்கு மேலே கொண்டுபோனார். டிக்டிக்டிக். அவர் பேச்சை நிறுத்தினார். கட்டிலை நோக்கி ஓரடி வைத்தார். இன்னோர் அடி. தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தங்கள் ஒன்றோடொன்று நெருங்கி, கலந்து, இடைவெளி இல்லாமல் கொட்ட ஆரம்பித்தன.

"அம்மா, மழை," என்றது குட்டி.

சத்தம் தலையணைக்கு மேலே இருந்தது. அம்மாவும் பெண்ணும் ஒன்றாகத் தலை வைக்கும் நீளத் தலையணை. அதில் வாசம் எதுவும் இல்லை. சூடு இல்லை. கறை இல்லை. துவைத்த பருத்தியின் மென்மை மட்டும். இருவர் தலையின் அழுத்தமும் அருகருகே குழிவாகப் பதிந்திருந்தது.

ஒயர் அண்ணன் குழந்தையை வெளியே அனுப்பினார். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கையுறை போட்டு, உறையை ஓர் ஓரத்தில் விலக்கினார். உள்பக்கத்தில், ஒரு காலத்தில் கோட்டுக் கையாக இருந்த துணியின் முழங்கையில், நீல நூலால் போட்ட ஒட்டுத் தெரிந்தது. நுரை வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது அவள் கைத் தையல். வெள்ளை நூல் தீர்ந்துபோன நாளில் போட்டது. ஆய்வுக்கூடத் தலைவரின் கோட்டு. நைந்திருக்கிறது என்று கூடையிலிருந்து எடுத்து, துணி மூட்டையோடு பக்கவாட்டுக் கதவு வழியாகக் கொண்டுவந்திருந்தாள்.

"அவரோடது சிவப்புப் பீப்பாயில இல்ல போகணும்? கூடத்துக்குள்ள போட்டிருந்தா?"

ஒயர் அண்ணன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒருநாள், சக்கரப் பெட்டியைத் திறக்கும்போது எல்லோரையும் வெளியே போகச் சொன்னார் தலைவர். பிறகு புதுச் சக்கரம் மாட்டினார்கள். பழையதில் பூச்சுப் படலம் கிழிந்திருந்ததை ஒயர் அண்ணன் பார்த்திருந்தார். தூசு எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

தலையணையை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினார். குழந்தையைக் குளிப்பாட்டி பக்கத்து வீட்டில் விட்டார்கள். நேர்மையான மனிதர் ஆதலால், ஒயர் அண்ணன் போய்த் தலைவரிடமே சொன்னார்.

தலைவர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். நாற்காலி போட்டார். அந்தக் கட்டடத்தில் அவளுக்கு யாரும் நாற்காலி போட்டது அதுவே முதல் தடவை. அவள் அதன் நுனியில் மட்டும் உட்கார்ந்தாள். சுவர் முழுக்கத் தனிமங்களின் அட்டவணை. கடைசி வரிசையின் கடைசிக் கட்டத்தில் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியிருந்தது.

"உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதும்மா."

"சோதிச்சுப் பாத்துட்டீங்களா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சோதிக்கணும்னா விபத்துன்னு அறிவிக்கணும். அறிவிச்சா இயந்திரத்தை நிறுத்தணும். நிறுத்தினா எத்தனையோ பேரோட உழைப்புப் போச்சு. எங்களுக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு. ஒரே ஒரு அணு. இன்னும் ஒண்ணு கிடைச்சா உலகம் நம்பும். கொஞ்ச நாள் பொறுங்க."

"அந்தத் தூசு எவ்வளவு காலம் இருக்கும்?"

அவர் மறைப்பவர்தான், ஆனால் எண்ணில் பொய் சொல்லத் தெரியாதவர். "பாதியா குறையறதுக்கே முந்நூத்தி ஐம்பது வருஷம்."

"உள்ள போயிருந்தா?"

"எலும்புல தங்கும்."

அறையில் உள்ளங்காலுக்குக் கீழே உறுமல் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க தேடறது பொறந்ததும் செத்துடுது. அதுக்கு இத்தனை காவல். எம் பொண்ணு வாழ வேண்டியவ சார்."

"நான் வேணும்னு செய்யலம்மா. படலம் கிழியும்னு யாருக்குத் தெரியும்?"

"கிழிஞ்சது வேணும்னு இல்ல. கோட்டைக் கழட்டிக் கூடையில போடறதா, பீப்பாயில போடறதான்னு ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சீங்களே, அது வேணும்னுதான்."

தலையணையைக் கொண்டுவந்து கொடுத்துவிடும்படி அவர் சொன்னார். "கொண்டுவரேன்" என்றாள்.

மறுநாள் காலை, இரவு வேலைக்காரர்கள் வெளியே வரவும் பகல் வேலைக்காரர்கள் உள்ளே போகவும் கூடும் நேரத்தில் கொண்டுவந்தாள். பக்கவாட்டுக் கதவுக்குப் போகவில்லை. பெரிய வாசலின் தூண்களுக்கு நடுவில் பையை வைத்துவிட்டு, பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நின்றாள்.

மணி அடித்தது. கம்பிகள் பூட்டிக்கொண்டன. எடுக்காததால் தொடர்ந்து அடித்தது.

"அக்கா, அந்தக் கதவு வழியா…" என்றான் கொட்டாவி.

"அந்தக் கதவுல மணி இல்லையே தம்பி."

இந்தப் பக்கம் கூட்டம், அந்தப் பக்கம் கூட்டம். மணிக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "என்ன அது?" என்று கேட்டார்கள். "கலிபோர்னியம்," என்று அவள் கத்தினாள். "உங்க தலைவர் கோட்டு. நானும் எம் பொண்ணும் மழைக்காலம் பூரா இது மேலதான் தூங்கினோம்." குச்சியால் கோட்டு எடுத்த பொடியன் முன்வரிசையில் நின்றான். அவன் முகத்திலிருந்து நிறம் இறங்கியது.

காவல் அறைத் தொலைபேசி அலறியது. மணியை அணைக்கச் சொல்லித் தலைவர். கொட்டாவி கேட்டுக்கொண்டே இருந்தான். அணைக்கும் சாவி அவன் கழுத்துக் கயிற்றில் எல்லோரும் பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தது.

"சாவியை வீட்டுல மறந்து வச்சுட்டேன் சார்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தான்.

அந்தக் கூடத்தில் ஒரு விதி: வாசல் மணி ஓயாவிட்டால், மேலே இயந்திரம் பாய்ச்சும் அணுக் கற்றை தானாக அணையும். அணைந்தது. உள்ளங்காலில் ஏறிக்கொண்டிருந்த உறுமல் திடீரென்று இல்லாமல் போனது. அது நின்ற பிறகுதான், அத்தனை வருடமாகத் தங்கள் எலும்புக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் உறைத்தது.

வெளியிலிருந்து சோதனைக்காரர்கள் வந்தார்கள். தலைவர் பதவி விலகினார். நுரையின் வீட்டுக் கட்டில், பாய், திரைச்சீலை எல்லாம் சிவப்புப் பீப்பாய்களில் போயின. தாய்க்கும் மகளுக்கும் தலைமுடியை ஒட்ட வெட்டினார்கள். சிறுநீரைப் புட்டி புட்டியாகச் சேர்த்துச் சோதித்தார்கள். இருவருக்குள்ளும் இருந்தது. தாயிடம் அதிகம், குழந்தையிடம் கொஞ்சம். வெளியேற்றுவதற்கு மருந்து உண்டு, நரம்பில் ஏற்றினார்கள். "எலும்புல போய் உக்காந்ததை இது அவ்வளவா எடுக்காது," என்றார் மருத்துவர். "உள்ள போன முதல் நாட்கள்லயே கொடுத்திருந்தா நல்லா எடுத்திருக்கும்." எவ்வளவு கெடுதல் செய்யும், எப்போது செய்யும் என்று கேட்டதற்கு, ஒன்றும் செய்யாமலும் போகலாம், காத்திருந்து பார்க்க வேண்டும் என்றார். அவரும் பொய் சொல்லவில்லை.

அந்த முதல் நாட்களில்தான் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும், இதோ, இங்கே, இவளிடம் என்று அடித்தது. கேட்டவர்கள் அவளை ஏதோ பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். நான் பேயை நம்புகிறவன் அல்ல. ஆனால் அந்தக் கட்டடத்தில் பார்த்தும் பார்க்காமல் நடமாடிய ஒரு கூட்டம் இருந்தது. அதை வேறு என்ன பெயரிட்டு அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

குட்டி இப்போது உயரமாக வளர்ந்துவிட்டாள். அரையாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குப் போகிறாள். எந்தப் புதுக் கதவின் முன்னாலும் ஒரு நொடி நின்று, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். நுரை இன்னும் துவைக்கிறாள், வேறோர் இடத்தில்.

நீங்கள் வேலை செய்யும் ஆலையிலும் மருத்துவமனையிலும் ஆய்வகத்திலும் துணி துவைக்கிற ஒருவர் இருப்பார். நாளைக் காலை அவரிடம் போங்கள். கைக்கு வருவது என்ன, வீட்டுக்கு எடுத்துப் போவது என்ன, அதை யார் சோதித்துக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். யாரும் இல்லை என்று சொன்னால், அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடவே மேலதிகாரியின் அறைக்குப் போங்கள். சோதித்துக் கையில் கொடுக்கும் வரை அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள்.